4,600 சொல்லும் ஒரு தையல் மெசினும்: கதையின் நீளம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கிளிநொச்சியில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து இணையத்தில் ஒரு சின்னக் கதைப் பக்கம் நடத்தி வருகிறோம். இருவர் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள், ஒருவர் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார், ஒருவருக்கு நூலகத்தில் வேலை, நான் கணக்கு எழுதுகிறவன். மாதத்துக்கு இரண்டு கதை போடுவோம். இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது கைமாறிக் கைமாறிப் போகும். வாசிக்கிறவர்களில் பெரும்பாலானோர் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை அந்த ஒரே ரோட்டை ஒட்டி இருப்பவர்கள். மிச்சப் பேர் இங்கிருந்து வெளிநாடு போனவர்கள்.

இந்த ஆய்வு ஒரே ஒரு கதையைப் பற்றியது. அதே கதையை மூன்று விதமாகப் போட்டோம். முதலில் முழுதாக, 4,600 சொல்லில். பிறகு வெட்டி, 900 சொல்லில். கடைசியாக மறுபடியும் முழுதாக, வேறோர் அமைப்பில். இதற்கிடையில் நாங்கள் உறுதியாக நம்பியிருந்த ஒன்று உடைந்து போனது. நீளமான கதையை ஆட்கள் போனில் வாசிக்க மாட்டார்கள் என்பதுதான் அந்த நம்பிக்கை. இணையத்தில் எழுதுகிற பலரிடமும் அதைக் காண்கிறேன், அதனால்தான் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

வாசகர் எண்ணிக்கையை இங்கே போடவில்லை. எங்கள் பக்கம் சிறியது. சிறிய எண்ணைச் சதவீதமாக்கினால் அது பெரிய உண்மை மாதிரித் தோன்றும். கணக்கு எழுதுகிறவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

கதை

எழுதியவர் வட்டக்கச்சிப் பக்கத்து ஆசிரியை. நாங்கள் அவரை ரீச்சர் என்றே கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கதையில் ஒரு தாயும் மகளும் 2010 இல் மீள்குடியேற்றத்துக்குத் தங்கள் வளவுக்குத் திரும்பி வருகிறார்கள். 2009 தொடக்கத்தில் போருக்குத் தப்பி வெளிக்கிட்டபோது கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டுப் போன தையல் மெசினைத் தேட வேண்டும். அடையாளத்துக்கு நின்ற மாமரம் இப்போது இல்லை. கிணற்றுக் கட்டிலிருந்து பதினொரு கவடு என்கிறாள் தாய், ஒன்பது என்கிறாள் மகள். மிதிவெடி அகற்றிய வளவுதான் என்றாலும் அலவாங்கை ஓங்கிக் குத்த இருவருக்கும் கை வரவில்லை. மெதுவாக, மண்வெட்டியால் மண்ணைச் சுரண்டிச் சுரண்டித்தான் தோண்டுகிறார்கள்.

தோண்டத் தோண்ட, வழியில் எதை எதை எங்கே விட்டுவிட்டுப் போனோம் என்று தாய் சொல்லிக்கொண்டு வருகிறாள். தர்மபுரத்தில் கட்டிலும் அலுமாரியும். விசுவமடுவில் கோழிக்கூடு, கோழிகளோடேயே. உடையார்கட்டில் நெல்மூட்டை இரண்டு. சுதந்திரபுரத்தில் பெரியம்மா. இரணைப்பாலையில் பாத்திரப் பெட்டி. மாத்தளனில் தறப்பாள். ஒரே குரலில், ஒரே வேகத்தில், சாமான்களுக்கு நடுவே ஓர் ஆளின் பெயரும் வந்து போகிறது. கதை அந்த இடத்தில் அழுவதில்லை, அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. இந்தப் பகுதி மட்டும் ஏறக்குறைய 1,200 சொல். கதையின் நடுவில், பாதிக்குச் சற்று முன்னால் தொடங்குகிறது.

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இந்த ஊர்கள் எல்லாம் 2009 இன் முதல் மாதங்களில் சனம் கிழக்கு நோக்கித் தள்ளப்பட்டுப் போன வழியில் இருப்பவை. முதல் நான்கும் பரந்தன் முல்லைத்தீவு ரோட்டிலேயே ஒன்றன் பின் ஒன்றாக வரும். இன்று அதே ரோட்டில் பஸ் ஓடுகிறது. எங்கள் வாசகர்கள் பலர் கதை வாசிப்பதும் அந்த பஸ்ஸுக்குள்தான். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் தடவையும், வெட்டியதும்

கதையை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுதாகப் போட்டோம். தலைப்பு, மேலே மூன்று பெரிய படங்கள், பிறகு எழுத்து, இடைவெளி எதுவும் இல்லாமல் கீழ்வரை. வாசகர் எவ்வளவு தூரம் கீழே போகிறார் என்று காட்டும் கருவி ஒன்றைத் தளத்தில் இணைத்திருந்தோம். இரண்டு நாளில் அது காட்டியது தெளிவாக இருந்தது. ஆரம்பம் நன்றாகப் போகிறது. நடுப்பகுதியில், அந்த ஊர்ப் பட்டியல் வருகிற இடத்தில், கோடு கீழே விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கூடிக் கதைத்தோம். எங்கள் முடிவில் எவருக்கும் சந்தேகமே இருக்கவில்லை. கதை நீளம், நடுவில் இழுக்கிறது. போன் கடைத் தம்பி, “அண்ணை, இந்தக் காலத்தில் ஆயிரம் சொல்லுக்கு மேலே போனால் எவனும் நிற்கமாட்டான்” என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். ரீச்சரிடம் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, நீங்களே வெட்டுங்கோ” என்றார். அந்தச் சம்மதத்தை எவ்வளவு இலேசாக எடுத்துக்கொண்டோம் என்பது இப்போது நினைத்தாலும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வெட்டியது நான்தான். தேடல், மாமரம் இல்லாதது, பதினொரு கவடா ஒன்பதா என்ற வாக்குவாதம், கடைசியில் மண்ணுக்குள்ளிருந்து வரும் துருப்பிடித்த சக்கரம், இவ்வளவும் இருந்தன. ஊர்ப் பட்டியல் முழுவதும் போனது. 900 சொல். ஒரு கிழமை கழித்து இதைத் தனிக்கதையாகப் போட்டோம்.

கருவி சொன்னபடி அது வெற்றி. திறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் கடைசிவரை போனார்கள். இதயக்குறி நிறைய வந்தது. “அருமை”, “மனதைத் தொட்டது”, கைகூப்பிய படம். மூன்றாம் நாள் எல்லாம் அடங்கிவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ரீச்சருக்கு ஒரு போன்கூட வரவில்லை.

பதினோராம் நாள் வந்த குரல்

முழுக்கதை போட்டுப் பதினோராம் நாள் ரீச்சருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. தர்மபுரம் பக்கத்து ஒரு அம்மா. அவருடைய அனுமதியோடு, அடையாளம் இல்லாமல் சொல்கிறேன். முதல் நாளே கதையைத் திறந்ததாகவும், சுதந்திரபுரம் என்ற சொல் வந்த இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு பத்து நாள் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று விடிய வேலை முடித்து, வாசலில் இருந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தாராம். பிறகு அந்தப் பதிவிலேயே தன்னுடைய பட்டியலைச் சொல்லத் தொடங்கினார். எந்த ஊரில் என்ன விட்டது, எந்த ஊரில் யார். நாலரை நிமிடம்.

ரீச்சர் அதை எங்களுக்குப் போட்டுக் காட்டியபோது அறையில் யாரும் பேசவில்லை. எங்கள் கருவியின் கணக்கில் இந்த அம்மா முதல் நாள் கதையைப் பாதியில் விட்டுப் போன ஒருவர். கோடு கீழே விழுந்தது என்று சொன்னேனே, அந்த வீழ்ச்சிக்குள் அவரும் இருந்தார். சலித்துப்போய் விட்டவரும் தாங்க முடியாமல் விட்டவரும் அந்தக் கோட்டில் ஒரே புள்ளியாகத்தான் விழுகிறார்கள். அவரைப் போன்றவர்களைக் காரணம் காட்டித்தான் அந்தப் பகுதியை நான் வெட்டியிருந்தேன்.

கருவி எதை எண்ணுகிறது

அதற்குப் பிறகுதான் இந்த எண்கள் எப்படி உண்டாகின்றன என்று ஒழுங்காகப் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. பரவலாகப் பயன்படும் கூகுள் அனலிட்டிக்ஸை உதாரணத்துக்கு எடுத்தால், அதன் இயல்பான அமைப்பில் ஒருவர் பக்கத்தில் பத்து விநாடிக்கு மேல் இருந்தாலே அது ‘ஈடுபாடுள்ள வருகை’ ஆகிவிடும். பக்கத்தின் 90 சதவீத ஆழத்தைத் தொட்டால் ‘ஸ்க்ரோல்’ என்று பதியும். முப்பது நிமிடம் அசைவு இல்லாவிட்டால் அந்த வருகை முடிந்தது, திரும்பி வந்தால் அது புது வருகை. இவை எல்லாம் கடைத்தளத்துக்கும் செய்தித்தளத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட அளவுகள். அவற்றில் தவறு ஏதும் இல்லை. ஒரு கதை ஒருவருக்குள் போனதா என்று அவற்றிடம் போய்க் கேட்டது எங்கள் தவறு.

சின்னக் கதைக்கு இந்த அளவில் இயல்பாகவே ஒரு சாய்வு இருக்கிறது. 900 சொல் கதையில் விரலை நாலைந்து தடவை இழுத்தால் அடிக்கு வந்துவிடலாம். வாசிக்காமலே வரலாம். 4,600 சொல் கதையில் அடியைத் தொட வேண்டுமென்றால் மினக்கெட வேண்டும். ஆகவே ‘முடித்தவர்கள்’ என்ற எண்ணை வைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னது எப்போதும் வெல்லும். அது கதையைப் பற்றிய தீர்ப்பாகாது, பக்கத்தின் உயரத்தைப் பற்றிய தகவல்.

கருவிக்கு எட்டாத வாசிப்பும் இருக்கிறது. எங்கள் பக்கம் பலர் எழுத்தைப் பிரதி எடுத்துக் குழுக்களில் போட்டுவிடுகிறார்கள், அங்கே ஆறுதலாக வாசிக்கிறார்கள். சிலர் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள், போனில் போட்ட ரீலோட் காசு முடிந்தாலும் வாசிக்கலாம் என்று. ஒரு வீட்டில் பேத்தி அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள் என்று பிறகு அறிந்தோம். கருவிக்கு அது ஒரு வாசகர், உண்மையில் மூன்று பேர் இருந்து கேட்டிருக்கிறார்கள்.

கேட்டுப் பார்த்தோம்

இணைப்பை யாருக்கு நேரடியாக அனுப்பினோம் என்று எங்களுக்குத் தெரியும். அவர்களில் பாதியில் நிறுத்தியதாகச் சொன்ன 14 பேரிடம் நாங்கள் ஐவரும் பிரித்துப் பிரித்துக் கதைத்தோம். ஒரே கேள்விதான்: எந்த இடத்தில் விட்டீர்கள், ஏன்? “கதை நீளமா?” என்று நாங்களாகக் கேட்பதில்லை என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். அந்தச் சொல்லை நாங்கள் வாயில் வைத்துக் கொடுத்தால் மரியாதைக்கு எல்லோரும் ஓம் என்றுவிடுவார்கள்.

சொன்ன காரணங்கள் நாங்கள் நினைத்தவை மாதிரி இருக்கவில்லை. இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது, அது பலரிடமிருந்து வந்தது. பிறகு வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பு மேலே போய்ப் புதைந்துவிட்டது, தேட முடியவில்லை. படங்கள் இறங்கவே இல்லை, டேட்டா வீணாகிறது என்று மூடிவிட்டேன் என்றார் ஒருவர். பிள்ளையின் வீட்டுப்பாடம். போனில் சார்ஜ் இல்லை. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போக வேண்டிய நேரம்.

பஸ்ஸில் வாசித்த இருவர் சொன்னது எனக்குள் அப்படியே நிற்கிறது. புதுக்குடியிருப்புக்குப் போகிற வழியில், கதையில் வருகிற ஊர்கள் வெளியே யன்னலிலும் வந்துகொண்டிருந்தன. “உடையார்கட்டு எண்டு வாசிக்கேக்க உடையார்கட்டுச் சந்தியில பஸ் நிண்டது. அதுக்குப் பிறகு வாசிக்கேல்லை” என்றார் ஒருவர். வீட்டுக்குப் போய் வாசித்தாரா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து, என்றார்.

நீளம் என்று தாங்களாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவரிடம் இன்னும் கொஞ்சம் கதைத்தபோது, அவருக்கு நீளம் பிரச்சினையாக இருக்கவில்லை, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் இருந்ததுதான் பிரச்சினை என்று தெரிந்தது. “புத்தகம் எண்டால் கையில தடிப்புத் தெரியும் தம்பி. இதில எங்க போய் முடியுது எண்டே தெரியேல்லை.” நூலகத்தில் வேலை செய்யும் எங்கள் தோழி இதைக் கேட்டவுடன் தலையாட்டினார். புத்தகத்தை எடுப்பவர்கள் முதலில் கடைசிப் பக்கத்து இலக்கத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார்.

நீளத்தை யார் தீர்மானிக்கிறார்கள்

இணையத்தில் கதைக்கு ஏற்ற நீளம் எது என்று தேடினால் ஏராளம் அறிவுரை கிடைக்கும். 2013 இல் மீடியம் தளம் தன் தரவைப் பார்த்து ஏழு நிமிட வாசிப்பே உகந்தது என்று எழுதியது இன்றுவரை மேற்கோளாகச் சுற்றுகிறது. அது ஆங்கிலத்தில் ஏறக்குறைய 1,600 சொல். பெரும்பாலும் கட்டுரைகளும் அனுபவக் குறிப்புகளும் வருகிற ஒரு தளத்தின் கணக்கு அது. அதைக் கதைக்குப் போடுவதே சரியில்லை, தமிழ்க் கதைக்குப் போடுவது இன்னும் பிழை. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் நாலைந்து. ரீச்சரின் 4,600 சொல்லை ஆங்கிலமாக்கினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும் என்பது என் மதிப்பீடு. அப்படி வந்தாலும் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர்களின் நெபுலா விருதுக் கணக்கில் அது சிறுகதைதான், அங்கே 7,500 சொல் வரைக்கும் சிறுகதை.

நான் பார்த்தவரைக்கும் கதையின் நீளத்தை வாசகரின் பொறுமையைவிடப் பணம் கொடுக்கும் விதமே அதிகம் தீர்மானித்திருக்கிறது. இதற்குத் தெளிவான சான்று அமேசானின் கிண்டில் அன்லிமிட்டெட், மாதக் கட்டணம் கட்டி மின்புத்தகங்களை வாசிக்கும் திட்டம். 2015 ஜூலைக்கு முன்னர் ஒருவர் புத்தகத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டினாலே எழுத்தாளருக்கு முழுப் பங்கு கிடைத்தது. முப்பது பக்கப் புத்தகத்தில் மூன்று பக்கம் போதும். நாவல்களைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்கள். அதற்குப் பிறகு வாசித்த பக்கத்துக்குப் பணம் என்று மாற்றினார்கள், உடனே புத்தகங்கள் ஊதத் தொடங்கின. வாசகர்கள் அதே ஆட்கள்தான். சீனாவின் சிடியான் என்ற தொடர்கதைத் தளம் 2003 இல் ஆயிரம் எழுத்துக்கு இவ்வளவு என்று வாசகரிடம் காசு வாங்கத் தொடங்கியது. அங்கே தொடர்கள் பத்து இலட்சம் எழுத்துகளைச் சாதாரணமாகத் தாண்டும், ஆட்கள் போனில்தான் வாசிக்கிறார்கள். ஜப்பானில் 2007 இல் அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து, முதலில் கைபேசியில் வந்த கதைகள், அன்றைய குட்டித் திரையில். போனில் நீளமாக வாசிக்க மாட்டார்கள் என்பதை இந்த இரண்டு நாடுகளுமே பொய்யாக்கியிருக்கின்றன.

நாமும் சின்னதை மட்டும் விரும்பிய ஆட்களா? ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கிழமைக்குக் கிழமை வந்தது. தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்துக் கட்டி வைத்த வீடுகள் இங்கேயும் இருந்தன. இடம்பெயர்வில் போன சாமான்களில் அவையும் அடக்கம். இன்னும் பழையதற்குப் போனால், முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்து விடியவிடிய நடக்கும். சனம் பாயோடு வரும். நடுச்சாமத்தில் பிள்ளைகள் சரிந்து படுக்கும், பெரியவர்கள் எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள், சிலர் நித்திரையாகிக் கண்ணகி வழக்குரைக்கும் நேரத்தில் சரியாக எழும்புவார்கள். கூத்தைப் பாதியில் விட்டார்கள் என்று, கூத்தை நடத்துகிற அண்ணாவியார் யாரையும் எண்ணியதில்லை. ஆட்கள் போய் வருவார்கள் என்பது அந்தக் கூத்தின் அமைப்புக்குள்ளேயே இருந்தது. எந்த நேரம் வந்து உட்கார்ந்தாலும் இப்போது யார் வருகிறார், என்ன நடக்கிறது என்று வரவுப் பாட்டே சொல்லிவிடும்.

சுமைதாங்கி

மூன்றாவது பதிப்புக்கு வழி காட்டியது இந்தக் கூத்து நினைவுதான். முழுக்கதையும் திரும்ப வந்தது, 4,600 சொல்லும். படங்களை எடுத்துவிட்டோம், பக்கம் இப்போது பழைய போனிலும் உடனே திறக்கிறது. தலைப்புக்குக் கீழே, “வாசிக்க ஏறக்குறைய 25 நிமிடம். நடுவில் இரண்டு இடங்களில் நிறுத்தி இளைப்பாறலாம்” என்று எழுதினோம். நாங்கள் ஐந்து பேரும் கடிகாரம் வைத்து வாசித்துப் பார்த்து எடுத்த நேரம் அது. ஆங்கில வாசிப்பு வேகத்தை வைத்துத் தளங்கள் தாமாகக் காட்டும் நிமிடக் கணக்கை எடுக்கவில்லை.

நிறுத்துகிற இடத்துக்கு ரீச்சர் வைத்த பெயர் சுமைதாங்கி. பழைய ரோட்டுக் கரைகளில் தலைச்சுமையை இறக்கி வைத்து ஆற நிற்கும் கல். அந்தப் பெயர் வந்த பிறகு எங்களுக்குள் கதைப்பது இலேசானது. “சுமைதாங்கியை எங்கே வைப்பது?” என்று கேட்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு இருக்கும், அதைத் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் அடுத்த முறை நேரே அந்த இடத்தில் திறக்கும். கதையைத் தனித்தனிப் பக்கமாகப் பிரிக்கவில்லை. பிரித்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி டேட்டா வேண்டும், ஒரே மூச்சில் வாசிக்க விரும்புகிறவருக்கும் அது தடை.

முதல் முயற்சியில் ஒரு பெரிய பிழை விட்டோம். தொடர்கதைப் பழக்கத்தில், ஆவலைத் தூண்டுகிற இடத்தில் நிறுத்தினோம். இரண்டாவது சுமைதாங்கியைப் போட்ட இடம் “சுதந்திரபுரத்தில் பெரியம்மா” என்ற வரி. அடுத்து என்ன என்று வாசகர் தவிக்க வேண்டும் என்ற எண்ணம். இரண்டாம் நாள் ஒரு வயதான அம்மா ரீச்சரைக் கூப்பிட்டுப் பேசினார். “பிள்ளை, அந்த இடத்தில இளைப்பாறலாம் எண்டு எழுதியிருக்கிறாய். அதில நிண்டு எப்பிடி ஆறுறது? எனக்கு ரா முழுக்க நித்திரை இல்லை.”

அவர் சொன்னது சரி. கொக்கி போட்டு நிறுத்துவது பேய்க்கதைக்கு, காதல் தொடருக்கு, துப்பறியும் கதைக்கு நல்லது. எங்கள் குழுவில் ஒரு தம்பி வேறிடத்தில் கிழமைக்கு மூன்று நாள் 800 சொல்லில் பேய்த்தொடர் எழுதுகிறார், அவருடைய வாசகர்கள் கொக்கிக்காகவே வருகிறார்கள், கொக்கி இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் தன்னுடைய சொந்த நினைவை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாசிக்கிற ஒருவரைக் கொக்கியில் தொங்கவிடுவது கொடுமை. சுமையைத் தூக்கிக் கொண்டிருக்கும்போது கை எட்டாத உயரத்தில் கல்லை வைப்பது மாதிரி.

அடுத்த நாளே மாற்றினோம். இப்போது முதல் சுமைதாங்கி, தாயும் மகளும் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் இடத்தில். இரண்டாவது, பட்டியல் முழுவதும் முடிந்து, மகள் மண்வெட்டியை வாங்கி “நீங்க இருங்கோ அம்மா, நான் வெட்டுறன்” என்று சொல்லும் இடத்தில். இரண்டிலும் கதைக்குள்ளேயே ஆட்கள் ஓய்கிறார்கள், வாசகரும் அவர்களோடு ஓயலாம். நிறுத்தும் இடத்தைப் பற்றி இந்த ஆய்விலிருந்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். சொல் எண்ணிக்கையைப் பார்த்து ஒவ்வொரு ஆயிரத்திலும் கோடு போட்டிருந்தால் இந்த இரண்டு இடங்களும் கிடைத்தே இருக்காது.

பிறகு நடந்தவை

திறந்தவர்களின் எண்ணிக்கை 900 சொல் பதிப்பைவிடக் குறைவு. இதை மறைக்க விரும்பவில்லை. 25 நிமிடம் என்று பார்த்தவுடனேயே சிலர் திறக்காமல் போயிருப்பார்கள். அவர்கள் நேரம் கிடைக்கும்போது வரட்டும். இதயக்குறிகளும் குறைவு.

வந்தவர்கள் திரும்பி வந்தார்கள். சுமைதாங்கி இணைப்புகள் வழியாக அடுத்த நாளும், அடுத்த கிழமையும், சிலது ஒரு மாதம் கழித்தும் திறக்கப்பட்டன. மற்றதை எந்தக் கருவியும் எண்ணவில்லை: பட்டியல்கள் வரத் தொடங்கின. குரல் பதிவாக, எழுத்தாக, ஒருவர் கொப்பித் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார். உழவு இயந்திரம், ஆட்டுக்கல், கல்யாண அல்பம், பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், ஒரு நாய். ஒவ்வொன்றும் ஓர் ஊரோடு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் இரண்டே வரி எழுதினார், இரண்டாவது வரி ஒரு பெயர். அனுப்பியவர்களிடம் கேட்காமல் எதையும் வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்து, ரீச்சர் அவற்றைத் தனியாக வைத்திருக்கிறார்.

900 சொல் பதிப்புக்கு இப்படி ஒன்றுகூட வரவில்லை. நான் இழுவை என்று வெட்டிய பகுதிதான் வாசகரின் பட்டியலை வெளியே கொண்டுவந்தது. அதன் நீளமே அதன் வேலை. மூன்று ஊரோடு நிறுத்தியிருந்தால் அது தகவலாகப் போயிருக்கும். ஐந்து, ஆறு ஊர் என்று போகப்போகத்தான் வாசிப்பவர் தன் ஊரை அதற்குள் தேடத் தொடங்குகிறார்.

எங்கே பொருந்தாது

இது ஒரு கதை, ஒரு பிரதேசம், அந்தக் கதையின் நிலத்திலேயே வாழ்கிற வாசகர்கள். இதே அமைப்பில் வேறொரு நீளக் கதையும் போட்டோம், நகரத்து அலுவலகம் ஒன்றில் நடக்கிற கதை, அது எடுபடவில்லை. கேட்டுப் பார்த்தபோது காரணம் நீளமே என்றார்கள், மறுபடி வாசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது உண்மை. ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லியிருந்தது. அதை எழுதியவர் நான். 3,000 சொல்லை 1,400 ஆக்கினேன், கதைக்கு மூச்சு வந்தது. ஆகவே வெட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டுவதற்கு முன் விட்டுப் போனவரிடம் ஏன் என்று கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். எங்களுக்கு 14 பேரிடம் கேட்க ஒரு கிழமை போனது, அவ்வளவுதான்.

எங்கள் வேலைமுறை இப்போது இப்படி மாறியிருக்கிறது. கதை வந்தவுடன் சொல்லை எண்ணுவதில்லை. ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். எங்கே கேட்பவரின் கவனம் வேறு பக்கம் போகிறது, எங்கே முகம் மாறுகிறது, இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறோம். முதலாவதில் வெட்டலாமா என்று பார்ப்போம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சுமைதாங்கி.

ரீச்சர் முழுக்கதையை மறுபடி எடுத்து, எங்களிடம் தருவதற்கு முன் தானாகவே பயந்து வெட்டியிருந்த ஒரு பகுதியைச் சேர்த்தார். வலைஞர்மடத்தில் விட்ட ஒரு சோடிச் செருப்பைப் பற்றியது. இப்போது கதை ஏறக்குறைய 5,000 சொல். மேலே நிமிடத்தையும் மாற்றி எழுதினோம்.

அவருடைய அம்மாவும் அதைப் போனில் வாசிக்கிறார். மாதங்களாக இரண்டாவது சுமைதாங்கியிலேயே நிற்கிறாராம். முடிவைத் தெரிந்துகொள்ள ஆசை இல்லையா என்று நான் ரீச்சரிடம் கேட்டேன். “மெசின் கிடைச்சதா இல்லையா எண்டு அவவுக்குத் தெரியும்தானே” என்றார் ரீச்சர். “தோண்டினதே அவதான்.”